கடையிலேயே பேசவைத்துப் பாருங்கள்

மடிக்கணினி வாங்கப் போனால் கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துப் பேசமாட்டார். கூட வந்த அக்கா மகனிடம், "சாருக்கு என்ன கலர் வேண்டும், தம்பி?" என்று கேட்பார். எனக்குப் பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. கலரை அவனே முடிவு செய்துகொள்ளட்டும். மற்றதெல்லாம் என் விரலும் காதும் முடிவு செய்ய வேண்டியவை. மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழ் நடத்துகிறேன். கணினியோடு பதினைந்து ஆண்டுக் குடித்தனம். அதில் காசைத் தொலைத்துக் கற்றதை, என்னைப்போல் பார்வையற்றவர்களுக்காக இங்கே எழுதுகிறேன்.

ராம் எத்தனை, பிராசஸர் எது என்பதை எந்தக் கடையிலும் ஒப்பிப்பார்கள். நீங்கள் முதலில் விசைப்பலகையைத் தடவுங்கள். எஃப், ஜே விசைகளின் மேடு விரலுக்குத் தெளிவாகத் தட்டுப்படுகிறதா? மேல்வரிசையில் எஃப்1 முதல் எஃப்12 வரை நான்கு நான்காக இடைவெளி விட்டிருக்கிறார்களா? ஒரே பட்டையாக இருந்தால் ஒவ்வொரு முறையும் ஓரத்திலிருந்து எண்ணிக்கொண்டு வரவேண்டும். மின்பொத்தான் எங்கே இருக்கிறது என்றும் பாருங்கள். நான் முன்பு வாங்கிய ஒன்றில் அது டெலீட் விசைக்கு ஒட்டினாற்போல் இருந்தது. காலாண்டு வினாத்தாள் தட்டச்சு செய்த இரவில் ஓர் எழுத்தை அழிக்கப்போய்க் கணினியையே நான்கு முறை தூங்கவைத்தேன். இன்செர்ட் விசை தனியாக இல்லையே என்று கவலைப்பட வேண்டாம். திரைவாசிப்பானின், அதாவது திரையில் உள்ளதைப் பேசிச் சொல்லும் மென்பொருளின், கட்டளைகளுக்கு அதற்குப் பதிலாகக் கேப்ஸ் லாக்கைப் பயன்படுத்தும்படி மாற்றிக்கொள்ளலாம்.

அடுத்து, கன்ட்ரோல், விண்டோஸ், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். விண்டோஸோடு கூடவே வரும் நரேட்டர் என்ற திரைவாசிப்பான் பேசத் தொடங்கும். கடைக்காரர் திடுக்கிடுவார், அதன் பிறகு உங்களிடமே பேசத் தொடங்கிவிடுவார்.

கைப்பேசி என்றால் ஆண்ட்ராய்டில் அணுகல்தன்மை அமைப்புக்குள் போய் டாக்பேக்கை இயக்கச் சொல்லுங்கள், ஐபோனில் வாய்ஸ்ஓவர்; இரண்டும் திரைவாசிப்பான்களே. திரையில் விரலை மெல்ல இழுத்துப் பாருங்கள். விரல் மூன்றாவது செயலிக்குப் போன பிறகுதான் முதலாவதின் பெயர் காதில் விழுகிறது என்றால், விலை எவ்வளவு மலிவாக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பேச்சு விரலோடு வரவேண்டும். கைரேகை உணரி பக்கவாட்டுப் பொத்தானில் இருப்பதே நமக்கு வசதி. கண்ணாடிக்கு அடியில் ஒளித்துவைத்தால் தடவிக் கண்டுபிடிக்க அங்கே எதுவும் இருக்காது.

திரைவாசிப்பானில் என் கட்சி என்.வி.டி.ஏ. மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற ஆஸ்திரேலிய இளைஞர் 2006இல் தொடங்கியது; இலவசம். பென்டிரைவில் போட்டுக்கொண்டு எந்தக் கணினியிலும் இயக்கலாம் என்பதால் பள்ளிக் கணினியிலும் நூலகக் கணினியிலும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஜாஸ் என்ற இன்னொரு திரைவாசிப்பானின் விலை அதிகம்; அலுவலகமே வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லாதீர்கள். உரிமம் இல்லாமலும் ஒரு தடவைக்கு 40 நிமிடம் ஓடும். பழகிப் பார்க்க அது போதும்.

நிறுவியதும் பேச்சு வேகத்தைக் கூட்டாதீர்கள். முதலில் குரலைத் தேர்ந்தெடுங்கள். என்.வி.டி.ஏ.வோடு வரும் ஈஸ்பீக் என்ற கணினிக் குரலில் தமிழ் உண்டு. தகரத்தில் ஆணி கீறுவதுபோல் இருக்கும். ஆனால் சொன்னவுடன் பேசும், வேகத்தில் தடுமாறாது. விண்டோஸில் தமிழ்ப் பேச்சைச் சேர்த்துக்கொண்டால் வள்ளுவர் என்ற குரல் கிடைக்கும், காதுக்கு இதம். நான் கதை படிக்க வள்ளுவரையும் விடைத்தாள் திருத்த ஈஸ்பீக்கையும் வைத்திருக்கிறேன்.

எந்தக் குரலானாலும் ஒரு சோதனை வாக்கியம் வைத்திருக்கிறேன்: "பல்லி விழுந்த பள்ளியில் அரை மணி அறைக்குள் இருந்தேன்." வேகம் கூடக்கூட பல்லியும் பள்ளியும் என் காதில் ஒன்றாகிவிடும். அந்த எல்லைக்கு ஒரு படி கீழே வேகத்தை நிறுத்திவிடுவேன். அப்படியும் ஒரு மாணவன் "பல்லிக்கு வரவில்லை" என்று எழுதி அனுப்பிய விடுப்புக் கடிதம் என்னை ஏமாற்றிவிட்டது. சந்தேகம் வந்தால் அம்புக்குறி விசையால் எழுத்தெழுத்தாக நகர்ந்து கேளுங்கள்.

தமிழ் வாசகருக்கு இன்னொரு பள்ளம் உண்டு. ஓர் அலுவலகத்திலிருந்து வந்த சுற்றறிக்கையைத் திறந்தேன். திரைவாசிப்பான், "எம், கே, அரைப்புள்ளி, கே, எச்" என்று சொன்னது. கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்தேன். கண்ணுள்ளவருக்கு அது "அம்மா". பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார்கள். உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து, மேலே தமிழ் வேஷம். உங்கள் கருவியில் குறையில்லை. இணையத்தில் கிடைக்கும் எழுத்துரு மாற்றியில் ஒட்டி, திரைவாசிப்பானுக்குப் புரியும் யூனிகோடு தமிழாக்கிக்கொள்ளுங்கள். அனுப்பியவருக்கும் ஒரு வரி எழுதிப் போடுங்கள். நான் விடாமல் எழுதுகிறேன். படமாக ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கம் என்றால் கூகுள் டிரைவில் ஏற்றி டாக்ஸில் திறந்தால் பெரும்பாலும் எழுத்தாகிவிடும்.

காதொலிப்பானில் வயர் உள்ளதே என் விருப்பம். புளூடூத் சில நொடி மௌனத்துக்குப் பிறகு முதல் அசையை விழுங்கிவிடும். "நீக்கவா" என்பது "கவா" என்று கேட்டால் எதற்கு ஆம் என்று சொல்வது? தெருவில் நடக்கும்போது மட்டும் காதை அடைக்காத, எலும்பு வழி ஒலி கடத்தும் வகையைப் போட்டுக்கொள்கிறேன்; பஸ் வரும் ஓசை எனக்கு வேண்டும்.

கைப்பேசியில் ரிசர்வ் வங்கி 2020இல் வெளியிட்ட மணி செயலியைப் போட்டுவையுங்கள். ரூபாய் நோட்டைக் காட்டினால் மதிப்பைச் சொல்லும், இணையம் தேவையில்லை. வங்கிச் செயலி கேமரா முன் கண் சிமிட்டச் சொல்லித் தடுத்தால் தலைகுனிந்து திரும்பாதீர்கள். பார்வையற்றவர்களுக்கும் ஏற்றபடி அந்தச் சரிபார்ப்பை மாற்றவேண்டும் என்று உச்ச நீதிமன்றமே 2025 ஏப்ரலில் உத்தரவிட்டிருக்கிறது. அதைச் சொல்லி எழுத்தில் புகார் கொடுங்கள்.

அடுப்படிச் சாமான்களுக்கும் விரல்தான் கணக்கு. திருகு உள்ள மிக்ஸியும் சலவை இயந்திரமும் பேசாவிட்டாலும் குறையில்லை. நான் ஏமாந்தது இண்டக்‌ஷன் அடுப்பில். முகப்பு முழுக்க வழவழ கண்ணாடி. மனைவியின் ஒட்டுப்பொட்டு அட்டையிலிருந்து இரண்டை எடுத்துப் பொத்தான் மேலேயே ஒட்டினேன். தடவிப் பார்த்த மாத்திரத்தில் அடுப்பு இயங்கத் தொடங்கிவிட்டது. தொட்டாலே இயங்கும் பலகை அது. பொட்டைப் பொத்தானுக்கு ஒரு விரல் அகலம் கீழே, கண்ணாடி விளிம்பில் ஒட்டவேண்டும். பொட்டைத் தொட்டபின் நேர் மேலே ஏறினால் பொத்தான். நிறுத்துவதற்குப் பெரிய பொட்டு, சூடு கூட்டச் சின்னது. சமையல் எண்ணெயில் மாதம் ஒருமுறை உதிர்ந்துவிடும், அட்டையைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள்.