மொட்டை மாடியும் ஒரு பிடி வெந்தயமும்

2020 மார்ச் 25 அன்று 21 நாள் ஊரடங்கு தொடங்கியபோது, சென்னையில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் நானும் அம்மாவும். முதல் வாரம் விடுமுறைபோல் கழிந்தது. மே 3 வரை நீட்டித்தபோதுதான் எனக்குள் ஏதோ கழன்றுகொண்டது. மாலையானால் மாவட்டவாரியாகத் தொற்று எண்ணிக்கை, பின்னிரவு 2 மணிவரை கைப்பேசி, விடிந்தபின் தூக்கம். ரசத்தில் உப்பு அதிகம் என்று நான் தட்டைத் தள்ளிய அன்று, அம்மா ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோனார்.

எப்போது படுத்தாலும் காலை ஆறரைக்கு எழுந்து மொட்டை மாடிக்குப் போவதென்று முடிவுசெய்தேன். காலை வெளிச்சம் உடலின் கடிகாரத்தைச் சீராக்கும் என்று படித்திருந்தேன். நான்கு நாள் தலைவலிதான் மிச்சம். ஐந்தாம் நாள் இரவு 11 மணிக்கே கண் சொக்கியது. செய்தி மதியம் ஒரே முறை, பத்து நிமிடம். இரவில் கைப்பேசிக்குச் சமையலறையில் பருப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் இடம்.

தியானம் ஒத்துவரவில்லை. ஒத்துவந்தது வெந்தயம். உடைந்த வாளியில் மண் நிரப்பி, இரவெல்லாம் ஊறவைத்த விதைகளைத் தூவினேன். சில நாளில், விதைத்தோலைத் தொப்பிபோல் சுமந்தபடி முளைகள் நிமிர்ந்தன. அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். “தண்ணீரை இப்படியா கொட்டுவது?” என்று சொம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

மே மாதம் கோயம்பேடு சந்தைத் தொற்றுச் செய்திகள் வந்தபோது மீண்டும் தூக்கம் கெட்டது. தொலைபேசியில் மனநல மருத்துவரிடம் பேசினேன். அதை முன்பே செய்திருக்கலாம்.

அந்த வாரம் வெந்தயக்கீரை சாம்பார். உப்பு சற்றுக் குறைவு. கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன்.