விடுதி அறையில் தூக்கத்தைச் சரிசெய்வது எப்படி? கல்லூரி மாணவர்களுக்கு ஒரு செய்முறை

மனசு சரியில்லை என்றால் தூக்கம் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். தூக்கம் கெட்டால் மனசும் கெடும் என்பதை அவ்வளவாக யாரும் கண்டுகொள்வதில்லை. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் டேனியல் ஃப்ரீமன் குழு, பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. தூக்கமின்மைக்கு இணையவழிப் பயிற்சி பெற்றவர்களுக்குத் தூக்கம் மேம்பட்டதோடு மனச்சோர்வு, பதற்றம், பிறர் மேல் வரும் வீண் சந்தேகம் ஆகியவையும் குறைந்தன. அந்தப் பயிற்சியில் மாத்திரை எதுவும் கிடையாது. இங்கே சொல்லப்போவதும் அதே வகை முறைதான்; நான்கு பேர் தங்கும் நம்மூர் விடுதி அறைக்குத் தகுந்தபடி மாற்றிச் சொல்கிறோம். ஒரு நோட்டு, பேனா, அலாரம், ஒரு ஜோடி ஃபோம் இயர் ப்ளக் போதும். பலன் முழுதாகத் தெரிய ஆறு வாரம் வரை ஆகலாம்.

முதலில், உங்கள் சிக்கல் எது?

படுத்து ஒரு மணி நேரமாகியும் தூக்கம் வராமல் புரள்வது ஒன்று. இரவு 3 மணிக்குத்தான் தூக்கம் வரும், ஆனால் விட்டால் 11 மணி வரை அடித்துப்போட்ட மாதிரி தூங்குவது இன்னொன்று. படுத்ததும் தூங்கிவிடுவார்கள், ஆனால் ரெக்கார்ட் எழுதி, சீரிஸ் பார்த்து, படுப்பதே 2 மணிக்குத்தான் என்பது மூன்றாவது. மூன்றாவது வகைக்குத் தூக்கமின்மை கிடையாது, நேரமின்மைதான். படி 2ஐப் பிடித்துக்கொண்டு, 7 மணி நேரத்தைக் கால அட்டவணையில் முதலில் ஒதுக்கினாலே போதும். இரண்டாம் வகைக்கு உடல் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. 20 வயதை ஒட்டி அது இயல்பாகவே தாமதமாக ஓடும். சோம்பேறித்தனம் என்று வீட்டில் திட்டு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். முதல் வகையினருக்குத்தான் எல்லாப் படிகளும் தேவை.

படி 1: ஒரு வாரம் எழுதுங்கள், எதையும் மாற்றாதீர்கள்

காலையில் எழுந்ததும் ஐந்து விஷயங்களைக் குறியுங்கள்: படுத்த நேரம், தூங்க எடுத்த நிமிடங்கள், நடுவில் விழித்திருந்த நிமிடங்கள், கடைசியாக விழித்த நேரம், கட்டிலைவிட்டு இறங்கிய நேரம். எல்லாமே உத்தேசக் கணக்குதான். இரவில் மணி பார்க்கவே கூடாது. ‘ஐயோ, இன்னும் நாலு மணி நேரம்தான்’ என்று கணக்குப் போட ஆரம்பித்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும். கைக்கடிகாரம் காட்டும் தூக்க மதிப்பெண்ணை நம்பி இதைச் செய்ய வேண்டாம். விழித்தபடி அசையாமல் படுத்திருப்பதையும் அது பல நேரம் தூக்கமாகவே எடுத்துக்கொள்ளும்.

படி 2: எழும் நேரத்தைப் பூட்டுங்கள்

சீக்கிரம் படுப்பதில் தொடங்குவதுதான் பலரும் செய்யும் தப்பு. தூக்கத்தை வரவழைக்க முடியாது, எழுவது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது. முதல் வகுப்பு 8.30 என்றால் 6.30ஐ வைத்துக்கொள்ளுங்கள். ஞாயிற்றுக்கிழமையும் அதே நேரம்தான். மிஞ்சிப்போனால் ஒரு மணி நேரம் தள்ளலாம். ஞாயிறு மதியம் 12 மணிக்கு எழுந்தவருக்கு அன்றிரவு 11 மணிக்குத் தூக்கம் வராது. திங்கள் காலை வகுப்பில் தலை தொங்குவது அதனால்தான்.

எழுந்த அரை மணி நேரத்துக்குள் வெளியே வாருங்கள். மைதானம், மொட்டைமாடி, மெஸ்ஸுக்குப் போகும் வழி, எங்கானாலும் 20 முதல் 30 நிமிடம் இருங்கள். டியூப் லைட் எரியும் அறையில் சில நூறு லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) மட்டும்தான் கிடைக்கும். காலை வெளிச்சம் மேகமூட்டத்திலும் அதைப் போலப் பல மடங்கு. சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை. இரண்டாம் வகையினர் 11 மணியிலிருந்து ஒரே தாவலில் 6.30க்கு வர வேண்டாம். இரண்டு நாளுக்கு ஒருமுறை 30 நிமிடம் முன்னே இழுங்கள். சுமார் மூன்று வாரத்தில் வந்துசேரும்.

படி 3: கட்டிலைத் தூங்க மட்டும் வையுங்கள்

விடுதியில் கடினமான படி இதுதான். நாற்காலி, சாப்பாட்டு மேசை, லேப்டாப் ஸ்டாண்ட், அரட்டைத் திண்ணை எல்லாம் அங்கே கட்டில்தான். இன்டர்னல் மதிப்பெண்ணை நினைத்துக் கவலைப்படுவதும் அதே மெத்தையில்தான். நாளடைவில் மெத்தையில் சாய்ந்தாலே மூளை விழித்துக்கொள்ளப் பழகிவிடும். ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1970களில் வகுத்த விதிகள் இந்தப் பழக்கத்தை உடைப்பதற்கானவை.

கண் சொருகினால் மட்டும் படுங்கள். களைப்பு வேறு, தூக்கக் கலக்கம் வேறு. ஃபுட்பால் ஆடிவிட்டு வந்தால் களைப்பு இருக்கும், தூக்கம் இருக்காது. 20 நிமிடம் போல ஆகியும் தூங்கவில்லை என்று தோன்றினால் இறங்கிவிடுங்கள். தாழ்வாரத்து நாற்காலியிலோ படிப்பறையிலோ மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து, ஏற்கெனவே படித்த பழைய வார இதழ் மாதிரி சுவாரசியமில்லாத எதையாவது புரட்டுங்கள். போன் வேண்டாம். கண் சொருகியதும் திரும்புங்கள். ஒரே இரவில் மூன்று நான்கு முறை இறங்க நேர்ந்தாலும் அதே விதிதான்.

உட்கார வேறு இடமே இல்லாத அறையா? பகலில் தரையில் பாய் விரித்துப் படியுங்கள். அதுவும் முடியாவிட்டால் பகலில் மெத்தைமேல் ஒரு கனமான போர்வையை விரித்து, தலைமாட்டைக் கால்மாட்டுப் பக்கம் மாற்றிக்கொள்ளுங்கள். இரவில் போர்வையை உருவிவிட்டுத் தலையணையைப் பழைய பக்கம் வையுங்கள். பார்ப்பவர்களுக்குக் கிறுக்குத்தனமாகத் தெரியலாம். படிக்கும் பக்கமும் தூங்கும் பக்கமும் பிரிய வேண்டும், அவ்வளவுதான்.

படி 4: கட்டிலில் இருக்கும் நேரத்தைச் சுருக்குங்கள்

நோட்டில் இருப்பதை எடுத்துக்கொள்வோம். ஒருவர் 11 மணிக்குப் படுத்து 8 மணிக்கு இறங்குகிறார்: 540 நிமிடம். தூங்க எடுத்தது 90, நடுவில் விழித்தது 30, விழித்தும் புரண்டுகொண்டிருந்தது 60. உண்மையில் தூங்கியது 360 நிமிடம், அதாவது 6 மணி நேரம். 360ஐ 540ஆல் வகுத்தால் 67 சதவீதம்.

இவருக்குக் கட்டிலில் 6 மணி நேரம்தான் அனுமதி. எழுவது 6.30 என்பதால் படுப்பது 12.30. அதற்கு முன்னால் எவ்வளவு அசந்தாலும் படுக்கக் கூடாது. பகலெல்லாம் சேரும் தூக்க அழுத்தம் அப்போதுதான் ஒரே நேரத்தில் வந்து அமுக்கும். வாரக் கடைசியில் இந்தச் சதவீதத்தின் சராசரியைப் பாருங்கள். 90 சதவீதமோ மேலேயோ வந்தால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் முன்னே கொண்டுவாருங்கள். 85க்கும் 90க்கும் நடுவில் என்றால் அப்படியே விடுங்கள். 85க்குக் கீழே என்றால் படுக்கும் நேரத்தை 15 நிமிடம் தள்ளிவையுங்கள். கட்டிலில் இருக்கும் நேரம் ஐந்தரை மணி நேரத்துக்குக் கீழே மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதீர்கள்.

முதல் பத்து நாள் முன்பைவிட மோசமாக இருக்கும். பலரும் கைவிடுவது அங்கேதான். அந்த நாட்களில் பைக் ஓட்டாதீர்கள். செமஸ்டர் தேர்வு வாரத்தில் இதைத் தொடங்கவும் வேண்டாம். வலிப்பு, இருதுருவ மனநோய், மனச்சிதைவு இருப்பவர்களும், முன்பு இருந்தவர்களும் மருத்துவர் சொல்லாமல் இந்தப் படியைத் தொடவே கூடாது. தூக்கம் குறைந்தாலே அவர்களுக்கு நோய் கிளம்பிவிடலாம்.

படி 5: அறை, காபி, போன்

அறை நண்பர்களிடம் மூன்றே விஷயத்துக்குச் சம்மதம் வாங்குங்கள்: குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் பெரிய லைட் அணைய வேண்டும், டேபிள் லேம்ப் சுவரைப் பார்த்துத் திரும்ப வேண்டும், அலாரத்துக்கு ஸ்னூஸ் கிடையாது. பத்து விதி போட்டால் ஒன்றும் நடக்காது.

ஃபோம் இயர் ப்ளக்கை அப்படியே செருகினால் பாதி சத்தம் உள்ளே வரும். விரல்களுக்கு நடுவே மெல்லிசாக உருட்டுங்கள். மற்ற கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதின் மேல்நுனியை மேலே இழுத்துப் பிடித்துச் செருகுங்கள். அது விரியும்வரை 30 நொடி விரலால் அழுத்தியிருங்கள். அலாரம் முழுதாக மறையாது, ஆனாலும் முதல் நாள் விடுமுறையில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

காஃபீனின் பாதி உடம்பைவிட்டுப் போக ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். 4.30 மணி மெஸ் காபியின் பாதி இரவு 9.30க்கும் உள்ளே இருக்கிறது. டீயும் எனர்ஜி டிரிங்க்கும் இதே கணக்கில்தான் வரும். மதியம் 1 மணிக்கு மேல் நிறுத்துங்கள். பிசிஓடிக்கு (சினைப்பை நீர்க்கட்டி) கருத்தடை வகை ஹார்மோன் மாத்திரை எடுப்பவர்களுக்கு இந்த நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பதால், அவர்கள் காலை காபியோடு முடித்துக்கொள்வது நல்லது.

பகல் தூக்கம் மதியம் 3 மணிக்கு முன்பு, 20 நிமிடம். படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெதுவெதுப்பான தண்ணீரில் குளித்தால் உடம்புச் சூடு வெளியேறித் தூக்கம் சீக்கிரம் வரும். மே மாதத்தில் தொட்டித் தண்ணீரே போதும், ஹீட்டர் தேடாதீர்கள். போனைக் கட்டிலிலிருந்து கை எட்டாத அலமாரியில் வையுங்கள்.

நாளைய கவலைக்கு ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். அமெரிக்காவின் பேய்லர் பல்கலைக்கழகத்தில் 57 இளைஞர்களிடம் நடந்த, 2018இல் வெளியான ஆய்வில், படுக்கும் முன் மறுநாள் வேலைகளைப் பட்டியலிட்டவர்கள், முடித்த வேலைகளை எழுதியவர்களைவிட சுமார் 9 நிமிடம் முன்னதாகத் தூங்கினார்கள். ‘படிக்கணும்’ என்று மொட்டையாக எழுதாமல் ‘9 மணிக்கு இரண்டாம் யூனிட், முதல் மூன்று கணக்கு’ என்று எழுதுங்கள்.

சளி மாத்திரையைத் தூக்க மாத்திரையாகப் போடும் விடுதி வைத்தியம் வேண்டாம். மறுநாள் மந்தமும் சேர்ந்து வரும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

வாரத்துக்கு மூன்று இரவு வீதம் மூன்று மாதமாகத் தூக்கமில்லை என்றால் போங்கள். இரண்டு வாரமாக விடியற்காலையில் விழிப்பு வந்து எதிலும் பிடிப்பில்லாமல் இருந்தாலும், மூச்சு நின்று நின்று வரும் குறட்டை இருந்தாலும் போங்கள். நான்கைந்து நாளாக மூன்று மணி நேரமே தூங்கியும் களைப்பே இல்லாமல் பரபரவென்று இருந்தால் உடனே போங்கள்; அதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றினால் எந்த நேரமானாலும் அரசின் மனநல உதவி எண்ணான டெலிமானஸ் 14416க்கு அழையுங்கள்; கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம். டாக்டரிடம் போகும்போது படி 1 நோட்டைக் கையோடு கொண்டுபோங்கள்.