எதை அப்படியே அடிக்கணும், எதை மாத்தணும்: பைத்தான் நோட்ஸ் எழுதுறப்போ கவனிக்க வேண்டியது

கோத்தகிரில சாயந்திரம் பசங்களுக்கு பைத்தான்ங்கற கம்ப்யூட்டர் மொழி சொல்லித் தர்றேன், பாதிப் பேர் எஸ்டேட் லைன்ல இருந்து வர்றவங்க, மழை புடிச்சா நெட் போயிடுங்கறதால நோட்ஸ் எல்லாம் பேப்பர்லதான், ஜெராக்ஸ் போட்டுக் குடுத்துடுவேன். ஒரு நாள் ஒரு பொண்ணு "அண்ணா, எர்ரர் வருது"ன்னா. போய்ப் பார்த்தா ரேஞ்ச்(1, 10[, 2])னு அடிச்சு வச்சிருக்கா.

தப்பு என்னோடது. பைத்தான் ஹெல்ப்ல வர்ற மாதிரியே ரேஞ்ச்(ஸ்டார்ட், ஸ்டாப்[, ஸ்டெப்])னு எழுதிட்டேன், அந்த சதுர அடைப்புக்குறிக்கு என்ன அர்த்தம்னு எங்கயும் சொல்லல. அதுக்குள்ள இருக்கறத வேணும்னா குடுக்கலாம், இல்லன்னா விட்டுடலாம்னு அர்த்தம், யூனிக்ஸ் கம்ப்யூட்டரோட உதவிப் பக்கமான மேன் பேஜ்லயும் இதே வழக்கம்தான். ஆனா பைத்தான்ல லிஸ்ட், அதாவது பட்டியல் எழுதறதுக்கும் அதே குறிதான், புதுசா படிக்கிற புள்ளைக்கு ரெண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? அதனால இப்போ அந்தக் குறியையே விட்டுட்டேன், ஸ்டெப் இல்லாம ஒரு வரி, ஸ்டெப்போட ஒரு வரின்னு ரெண்டா எழுதிடறேன்.

அப்படியே அடிக்க வேண்டியது மோனோஸ்பேஸ் (எல்லாம் ஒரே அகலமா வர்ற) எழுத்துல, நாம மாத்திக்க வேண்டியது சாய்வெழுத்துலன்னு இங்கிலீஷ் புத்தகத்துல பழக்கம். தமிழுக்கு இது சரியா வராதுங்க, நிறைய தமிழ் ஃபான்ட்ல தனியா சாய்வெழுத்தே கிடையாது, எழுத்தை சும்மா சரிச்சு விடும், ஜெராக்ஸ்ல அது தெரியவே தெரியாது. கலரும் அப்படித்தான், எல்லாம் ஒரே சாம்பலாயிடும். நான் கண்டுக்கிட்ட வழி, கோட்ல இங்கிலீஷ் எழுத்துல இருக்கறத அப்படியே அடிக்கணும், தமிழ்ல இருக்கறத எடுத்துட்டு உங்களோடதப் போடணும். முதல் பக்கத்துலயே கட்டம் கட்டி இதை எழுதிடுங்க. ஒண்ணே ஒண்ணு, பைத்தான் 3ல வேரியபிள் பேரைத் தமிழ்லயும் வைக்கலாம், நீங்க அப்படி வைக்கிற ஆளா இருந்தா இந்த வழி குழப்பிடும்.

வேர்ட்ல டைப் பண்றவங்க நேர் கோட்டேஷன் வளைஞ்சிடுதான்னு பாருங்க, ரெண்டு ஹைஃபன் ஒரே நீளக் கோடா மாறிடுதான்னும் பாருங்க, வளைஞ்சதை அப்படியே காப்பி பண்ணி ஓட்டினா பைத்தான் தப்பான எழுத்துன்னு நின்னுடும். ஆட்டோகரெக்ட்ட முதல்ல ஆஃப் பண்ணுங்க. வாட்ஸப்ல அனுப்பறதா இருந்தா முன்னாடி பின்னாடி மூணு மூணு பேக்டிக் (` குறி) போட்டுடுங்க, கோட் மோனோஸ்பேஸ்ல வரும். $, >>> எல்லாம் கம்ப்யூட்டர் காட்டறது, நாம அடிக்கறது இல்ல, இதையும் அந்தக் கட்டத்துக்குள்ள சொல்லிடணும்.

அடுத்து வார்த்தை. பிளஸ் டூ தமிழ் வழிப் பாடத்துல செயற்கூறுன்னு படிச்சிட்டு வர்ற பசங்க கிட்ட நாம ஒரு பக்கத்துல ஃபங்ஷன், இன்னொரு பக்கத்துல செயல்பாடுன்னு எழுதினா மூணும் வேற வேறன்னு நினைச்சுக்குவாங்க. எந்த வார்த்தையா இருந்தாலும் சரி, ஒண்ணை எடுத்தா கடைசி வரைக்கும் அதேதான். பாராமீட்டர், ஆர்க்யுமென்ட் ரெண்டையும் மட்டும் ஒண்ணாக்கிடாதீங்க. தேயிலை எடை போடற நோட்டுல மேல "எடை"ன்னு தலைப்பு இருக்கும்ல, அது பாராமீட்டர், இன்னைக்கு அதுக்குக் கீழ எழுதற 32 கிலோ ஆர்க்யுமென்ட். இப்படிச் சொன்னதும் எங்க பசங்க டக்குனு புடிச்சிக்கிட்டாங்க.

"முதல் உறுப்பு"ன்னு எழுதறப்போ பக்கத்துலயே "இண்டெக்ஸ் 0"ன்னும் போடுங்க, பைத்தான் 0ல இருந்துதான் எண்ணும். "செய்யணும்", "செஞ்சா நல்லது", "வேணும்னா செய்யலாம்" மூணையும் கலக்காதீங்க, 1997ல வந்த ஆர்எஃப்சி 2119ங்கற இன்டர்நெட் விதிமுறை ஆவணம் மஸ்ட் (must), ஷுட் (should), மே (may)ன்னு இதைத்தான் தனித்தனியா பிரிச்சு வச்சிருக்கு.

ஜெராக்ஸுக்குக் குடுக்கறதுக்கு முன்னாடி, பைத்தானே தெரியாத ஒருத்தர்கிட்ட ஒரு பக்கத்தைக் குடுத்து அடிக்கச் சொல்லுங்க, பக்கத்துல உக்காந்து எதுவும் சொல்லாம விரல் எங்க நிக்குதுன்னு மட்டும் பாருங்க. நின்ன வரியைத் திருத்திட்டு அப்புறம் பிரிண்ட் எடுங்க.