கொல்லிமலைக்கு லோடு கட்டி சைக்கிள்ல போறவங்க திரும்பத் திரும்பப் பண்ற தப்புங்க

நாமக்கல்லச் சுத்தி சைக்கிள் டூரிங் போற பசங்க இப்ப நெறய ஆயிட்டாங்க, ரொம்ப சந்தோஷம். ஞாயித்துக்கிழமை விடியக்காலைல காரவள்ளி அடிவாரத்துல நின்னா சேலம், ஈரோடு, கரூர்னு எங்கெங்கயோ இருந்து வர்றாங்க, பின்னாடி கேரியர்ல பையக் கட்டிக்கிட்டு, மேல ஒரு ராத்திரி தங்கிட்டு வரலாம்னு. ஆனா நாங்கல்லாம் ஆரம்பத்துல என்னென்ன தப்பு பண்ணமோ அதையே வரிசை மாறாமப் பண்றாங்க. பாத்துட்டு சும்மா இருக்க முடியல, அதான் எழுதுறேன். ஹெல்மெட் போடுங்க, தண்ணி எடுத்துக்கோங்க, பஞ்சர் கிட் மறக்காதீங்கன்னு எல்லாம் சொல்லப் போறதில்ல, அது உங்களுக்கே தெரியும்.

கிலோமீட்டர மட்டும் பாத்து பிளான் போடுறது

நாமக்கல்ல இருந்து மோகனூர் போயி காவிரிக் கரையோரமா பரமத்தி வேலூர் பக்கம் சுத்திட்டு வர்றதும் ஒரு தூரம்தான், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி வழியா மலை ஏறுறதும் ஒரு தூரம்தான். போன்ல பாத்தா ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணு மாதிரி தெரியும். மொதல்ல சொன்னது காலை டிபனுக்கு வீட்டுக்கு வந்துடலாம், ரெண்டாவது முழு நாள் வேலை. அடிவாரத்துல இருந்து சோளக்காடு வரைக்கும் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம் ஏறணும், 70 கொண்டை ஊசி வளைவு. சராசரியா பாத்தா சாய்வு கொடூரம்னு சொல்ல முடியாது, மிதிக்கலாம். ஆனா நடுவுல எங்கயும் ஒரு இறக்கம் வந்து காலுக்கு ஓய்வு குடுக்காது, அதுதான் ஆள சோர வெக்கும்.

70 வளைவு முடிஞ்சா மலை முடிஞ்சதுன்னு நெனைக்கிறாங்க பாருங்க, அது இன்னொரு தப்பு. மேல சமதளம் கெடையாது. சோளக்காட்டுல இருந்து செம்மேடு, அங்கிருந்து அரப்பளீஸ்வரர் கோயில், எல்லாமே ஏத்தம் இறக்கம் ஏத்தம் இறக்கம்தான். 70-வது போர்டுகிட்ட நின்னு போட்டோ எடுத்துட்டு இருக்குற தெம்பெல்லாம் அங்கயே எறக்கி வெச்சிட்டு, அப்புறம் கோயிலுக்குப் போற வழியில சைக்கிளத் தள்ளிக்கிட்டுப் போறவங்கள எப்பவும் பாக்கலாம். ஏறுன அன்னைக்கு செம்மேட்டுலயே தங்கிடுங்க. கோயில், ஆகாய கங்கை எல்லாம் மறுநாள். ஆகாய கங்கைக்கு ஆயிரம் படிக்கு மேல இறங்கி ஏறணும், மலை ஏறுன காலோட அதுல இறங்காதீங்க.

கியர்

ரோட் பைக்ல முன்னாடி 34, பின்னாடி 28 பல்லு வெச்சுக்கிட்டு லோடோட வர்றாங்க. நிமிஷத்துக்கு 60 சுத்து மிதிச்சாலே மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம் வரும் அதுல, அந்த வேகத்த 15 கிலோ பையோட ரெண்டு மூணு மணி நேரம் புடிச்சுப் போக நம்மள்ல பாதிப் பேரால முடியாது, அதனால சுத்து கொறஞ்சு, ஒவ்வொரு மிதிக்கும் முட்டி மேல அழுத்தம் ஏறும், மறுநாள் படி இறங்க முடியாது. நெறய சாதா ஹைப்ரிட் சைக்கிள்ல முன்னாடி மூணு பல்சக்கரம் இருக்கும், அதுல சின்னது பெரும்பாலும் 24 பல்லு. அத கேவலமா நெனைச்சு தொடாமலே வெச்சிருக்காங்க. அதே 60 சுத்துக்கு 6 கிலோமீட்டர் சொச்சம்தான் போகும், போகட்டுமே, என்ன அவசரம். பின்னாடி 34 பல்லு வரைக்கும் இருக்குற கேசட் (பின் பல்சக்கர அடுக்கு) மாத்திக்கிட்டா இன்னும் நல்லது.

இன்னொண்ணு, ஏறும்போது இடது பக்கம் திரும்புற வளைவுல உள் ஓரத்த ஒட்டிப் போகாதீங்க, அங்கதான் செங்குத்தா இருக்கும். பின்னாடி வண்டி இல்லன்னா கொஞ்சம் அகலமா எடுங்க, கால் உடனே வித்தியாசம் சொல்லும்.

பின் பிரேக்க மட்டும் புடிச்சுக்கிட்டே இறங்குறது

இதப் பத்திதான் முக்கியமா சொல்லணும். எத்தனையோ தடவ சொல்லியாச்சு, இன்னும் வாரா வாரம் பாக்குறேன், பாக்கும்போதெல்லாம் கோவம் வருது.

நம்ம எல்லாருக்கும் சின்ன வயசுல குரங்கு பெடல் போட்டு ஓட்டும்போதே வீட்ல சொல்லிக் குடுத்த ஒரே பாடம், "முன் பிரேக்க புடிக்காத, குப்புற விழுந்துருவ". தெருவுல ஓட்டுற வரைக்கும் அதனால ஒண்ணும் கெடல. மலைக்கு அது ஆகாது. பிரேக் புடிக்கும்போது ஆள், லோடு எல்லாத்தோட எடையும் முன் சக்கரத்து மேல சாயும், பின் சக்கரம் லேசாயிடும். லேசான சக்கரத்த எவ்வளவு இறுக்கினாலும் அது வழுக்கும், நிக்காது. நிக்கலையேன்னு இன்னும் இறுக்குவாங்க. அதனால விடாம, மேல இருந்து கீழ வரைக்கும், பின் பிரேக்க லேசாப் புடிச்சபடியே வர்றது. பாக்க ரொம்ப ஜாக்கிரதையா வர்ற மாதிரியே இருக்கும்.

கணக்கப் பாருங்க. ஆளு, சைக்கிள், பை எல்லாம் சேத்து 100 கிலோன்னு வைங்க. 900 மீட்டர் இறங்கும்போது அந்த எடை விடுற சக்தி, 3 லிட்டர் பச்சத் தண்ணிய கொதிக்க வைக்கிற அளவு. வேகமாப் போனா அதுல நல்ல பங்க எதிர்காத்து எடுத்துக்கும். மெதுவா, ஒரே வேகத்துல, ஒத்த பிரேக்க உரசிக்கிட்டே வந்தா காத்துக்கு ஒண்ணும் போகாது, கிட்டத்தட்ட எல்லாச் சூடும் பிரேக் கட்டை உரசுற அந்த ஒரு ரிம்முக்குள்ள. உள்ள இருக்குற டியூப்புக்கு வேற போக்கிடம் இல்ல. காத்து விரியும், பழைய பேட்ச் ஒட்டுன பசை இளகும், ரிம்முக்கு உள்பக்கம் டியூப்புக்கு அடில இருக்குற ரிம் டேப் நகந்துக்கும், அப்புறம் டப்புனு வெடிக்கும்.

போன வருஷம் ஒரு தம்பி, நல்ல பையன், காலேஜ் முடிச்சு மொத சம்பளத்துல சைக்கிள் வாங்கிட்டு வந்தவன். எனக்கு முன்னாடி இறங்கிட்டு இருந்தான். ஒரு வளைவு தாண்டுனதும் ரப்பர் கருகுற வாசம் வந்துச்சு, கத்திக் கூப்ட்டேன், அவன் கையக் காட்டிட்டு போயிட்டான். அடுத்த வளைவுக்குள்ள நொழையும்போதே பின் டியூப் வெடிச்சு, டயர் ரிம்ம விட்டு வெளிய வந்து பிரேம்ல சிக்கி, அப்படியே பக்கவாட்டுல சரிஞ்சு சுவர் ஓரமா போய் நின்னான். எதுக்க பஸ் வரல, அதான் பெரிய விஷயம். காரை எலும்பு முறிஞ்சிடுச்சு. டயர், டியூப், ரிம் மூணும் போச்சு, ஆறு வாரம் கையத் தொட்டில்ல போட்டுட்டு வேலைக்குப் போகாம இருந்தான். ஆஸ்பத்திரில கேட்டேன், ஏம்ப்பா முன் பிரேக்க தொடவே இல்லயான்னு. "பயமா இருந்துச்சுண்ணா"ன்னான். அவன என்ன சொல்றது, சொல்லிக் குடுக்காம மலைக்குக் கூட்டிட்டு வந்த குரூப்ப சொல்லணும். இறக்கம் எப்படி இறங்குறதுன்னு ஒரு வார்த்தை பேசாம "மேல போய்ட்டா அப்புறம் ஜாலிதான்"னு சொல்லி கூட்டிட்டு வர்றாங்களே, அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

நாமக்கல் லாரி ஊரு. மலை இறங்கும்போது சின்ன கியர்ல போட்டு இறக்கு, பிரேக்க மிதிச்சுக்கிட்டே வராதன்னு இங்க எந்த டிரைவரக் கேட்டாலும் சொல்லுவாரு. சைக்கிள்ல இஞ்சின் இல்ல, அதனால நமக்கு இருக்குறது ரெண்டு பிரேக்கும் எதிர்காத்தும் மட்டும்தான்.

எப்படி இறங்கணும்னா, வளைவுக்கு முன்னாடி, சைக்கிள் நேரா இருக்கும்போதே, ரெண்டு பிரேக்கயும் சேத்து நல்லா அழுத்துங்க, முன் பிரேக்குக்கு கூடுதல் பங்கு, உடம்ப பின்னாடி தள்ளி கைய ஊணிக்கோங்க, அப்ப குப்புற விழ மாட்டீங்க. வேகம் கொறஞ்சதும் விட்டுட்டு வளைவுக்குள்ள போங்க, வெளிப்பக்கப் பெடல் கீழ இருக்கட்டும். வளைவு தாண்டுனதும் நேர் ரோட்ல நிமிந்து உக்காருங்க, நெஞ்சுல காத்து வாங்குனா அதுவே பாதி பிரேக். மறுபடி அடுத்த வளைவுக்கு முன்னாடி ஒரு அழுத்து. பிரேக்க விடுற அந்த இடைவெளியிலதான் ரிம் ஆறும். ஆனா கண்ணுக்குத் தெரியுற தூரத்துக்குள்ள நிக்க முடியுற வேகம் எதுவோ அதுக்கு மேல போகவே கூடாது. பயமா இருந்தா மெதுவாவே வாங்க, தப்பே இல்ல, ஆனா அப்ப பத்து வளைவுக்கு ஒரு தடவ ரோடு அகலமா இருக்குற எடத்துல நின்னு ஆற விடுங்க. ரிம்ம தொட்டுப் பாக்காதீங்க, பக்கத்துல கைய கொண்டு போனாலே அனல் தெரியும்.

எனக்கு டிஸ்க் பிரேக் இருக்குன்னு சொல்றவங்களுக்கும் இதேதான். டியூப் வெடிக்காது, சரி. விடாம உரசுனா டிஸ்க்க புடிக்கிற பிரேக் பேட் மேல கண்ணாடி மாதிரி பளபளப்பு ஏறிடும், கத்தும், புடிக்காது. ஹைட்ராலிக்கா இருந்தா லிவர் மெத்துனு உள்ள போக ஆரம்பிக்கும். கேபிள் டிஸ்க்னா பேட் தேயத் தேய லிவர் ஹேண்டில் வரைக்கும் வந்துடும், இறங்குறதுக்கு முன்னாடி சோளக்காட்டுலயே கேபிள ஒரு சுத்து டைட் பண்ணிக்கோங்க.

இத மலைல வந்து கத்துக்காதீங்க. வீட்டுப் பக்கத்துல காலி மைதானத்துல, லோடு கட்டி, முன் பிரேக்க மட்டும் கொஞ்சம் கொஞ்சமா அழுத்தி நிறுத்திப் பழகுங்க. ஒரு சாயங்காலம் போதும், கைல இருக்குற பயம் போயிடும்.

முழு லோடயும் பின்னாடியே கட்டுறது

இறக்கத்துல ஹேண்டில் நடுங்கும். கனமான சாமான கீழயும் முன்னாடியும் பிரிச்சுக் கட்டுங்க. நடுங்க ஆரம்பிச்சுட்டா ரெண்டு முட்டியாலயும் பிரேம் தண்ட இறுக்கிப் புடிச்சு வேகத்தக் கொறைங்க, அடங்கிடும்.

முதுகுல பேக்

வேணாம்.

ஆடிப்பெருக்கு சமயம்

வல்வில் ஓரி விழா கூட்டம். அந்த வாரம் வேற ரூட் பாத்துக்கோங்க.

ஹேண்டில் பைல திங்கிற பொருள தொறந்து வெக்கிறது

குரங்கு. ஓடுற சைக்கிள்ல இருந்தே புடுங்கும்.

மழைக்கு அப்புறம்

ஐப்பசி, கார்த்திகைல மலை அழகா இருக்கும், போகத்தான் செய்யணும். ஆனா ரிம் பிரேக் நனைஞ்சா மொத ஒண்ணு ரெண்டு சுத்துக்கு புடிக்கவே புடிக்காது, தண்ணிய வழிச்சு எடுத்த அப்புறம்தான் புடிக்கும், அதனால எல்லாத்தையும் முன்கூட்டியே ஆரம்பிக்கணும். ரோட்ல அடிச்சிருக்குற வெள்ளப் பட்டை மேல பிரேக் போடாதீங்க. ராத்திரி தங்குற எடத்துல பிரேக் ஷூவ (ரிம்ம உரசுற ரப்பர் கட்டைய) கழுவி, மண்ணு கலந்த கருப்புச் சேறு ஒட்டியிருக்கான்னு பாருங்க, அது உப்புத்தாள் மாதிரி ரிம்ம தின்னுடும். ரிம் பக்கவாட்டுல சின்னதா ஒரு வரி வெட்டியிருக்கும் நெறய மாடல்ல, அந்த வரி தேஞ்சு மறைஞ்சிருந்தா அந்த ரிம்மோட மலைக்கு வராதீங்க.

வந்த வழியே திரும்புறது

தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா ஞாயித்துக்கிழமை மதியத்துக்கு மேல 70 வளைவு ரோட்ல காரும் பைக்கும் நெறஞ்சிருக்கும், நீங்க பிரேக் விட்டு விட்டு இறங்க எடமே இருக்காது. முள்ளுக்குறிச்சி பக்கம் இறங்கி நாமகிரிப்பேட்டை, ராசிபுரம் வழியா ஊருக்கு வந்துடுங்க. கூட்டம் கம்மி, கீழ வந்ததும் மஞ்சளும் குச்சிக்கிழங்கும் போட்ட காட்டு வழி. செம்மேட்டுல இருந்து காலைல ஆறு மணிக்கே கெளம்பிடுங்க, பஸ் ஓட்டம் சூடு புடிக்கிறதுக்குள்ள வளைவெல்லாம் தாண்டிடலாம்.