மரைக்குப் போகிறவர்களுக்கு: அம்பின் நிறையைத் தெரிவு செய்வது

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இலங்கையில் மானையோ மரையையோ வேட்டையாடுவது குற்றம். 1937ஆம் ஆண்டிலிருந்து வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது; இங்கே அந்த நினைப்பே வேண்டாம். இதை நான் எழுதுவது அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் உரிமம் எடுத்து, வில்லோடு காட்டுக்குப் போகிற நம்முடைய பிள்ளைகளுக்கு. மெல்பேர்ணில் இருந்த காலத்தில் நானும் போனவன்தான். இப்போது திருகோணமலை உப்புவெளியில் இருக்கிறேன். அண்ணனின் மகன் அங்கிருந்து தொலைபேசியில் "சித்தப்பா, எத்தனை கிரெயின் போடட்டும்?" என்று கேட்கிறான். ஒரே இலக்கத்தில் பதில் சொல்ல முடியாததால்தான் இவ்வளவும்.

அம்பின் நிறையைக் கிரெயினில்தான் சொல்வார்கள். ஒரு கிராமுக்கு 15.43 கிரெயின். நமக்குக் கைவந்தது பவுன் கணக்கு. 8 கிராம் பவுன் ஒன்று ஏறக்குறைய 123 கிரெயின். கடையில் 125 கிரெயின் என்று விற்கிற வேட்டை முனை ஒரு பவுன் என்று வைத்துக்கொள்ளலாம். விக்டோரியாவில் மரைக்குச் சட்டம் கேட்கிற ஆகக்குறைந்த நிறை, முனையோடு சேர்த்து 26 கிராம், அதாவது 401 கிரெயின். மூன்றேகால் பவுன். வில்லின் இழுவையும், அதாவது நாணை இழுக்கத் தேவைப்படும் பலமும், 50 இறாத்தலுக்குக் குறையக் கூடாது. விதிகள் மாறக்கூடியவை, போகுமுன் அந்த வருடத்துக்குரியதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கணக்கை உங்கள் வில்லிலிருந்து தொடங்குங்கள். இழுவையில் ஒவ்வோர் இறாத்தலுக்கும் எத்தனை கிரெயின் என்று பார்ப்பதுதான் வழக்கம். கொம்பவுண்ட் வில்லுக்கு, அதாவது முனைகளில் கப்பி வைத்த வில்லுக்கு, 5 என்பது அடிமட்டம். அதற்குக் கீழே போனால் வில்லில் சேர்ந்த சக்தியை வாங்கிக்கொள்ள அம்பு போதாது. மிச்சம் வில்லின் கைகளுக்கும் நாணுக்கும் திரும்பும், ஏறத்தாழ வெறும் நாணை விட்டதுபோலத்தான். வில் உடைந்தால் உத்தரவாதமும் கிடையாது. வேட்டைக்கு 6 முதல் 8 வரை நல்ல இடம். மரவில், நுனி முன்னோக்கி வளைந்த ரிக்கேர்வ் வில் என்றால் 8 முதல் 10. 60 இறாத்தல் கொம்பவுண்ட் வைத்திருக்கிற அண்ணன் மகனுக்கு இது 360 முதல் 480 வரை வருகிறது. அதில் கீழ்ப்பகுதி சட்டத்துக்கே போதாது. மரைக்கு நான் அவனை 500 பக்கம் தள்ளுகிறேன், காரணம் இருக்கிறது.

கடைக்காரர்கள் வேகத்தைத்தான் விற்பார்கள். செக்கனுக்கு இத்தனை அடி என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும். அந்த இலக்கம் பெரும்பாலும் 70 இறாத்தல் இழுவையில், 30 அங்குலம் இழுத்து, 350 கிரெயின் அம்பை விட்டு எடுத்தது; உங்கள் கையில் அது வராது. ஒரு வில் 420 கிரெயின் அம்பைச் செக்கனுக்கு 280 அடி வேகத்தில் விடுகிறது என்று வைப்போம். அதே வில் 520 கிரெயின் அம்பை 253 அடி அளவில் விடும். இயக்கசக்தியைக் கணக்குப் பார்த்தால் இரண்டும் ஏறத்தாழ ஒன்று, 73 அடி-இறாத்தல். ஆனால் உந்தம், அதாவது நிறையை வேகத்தால் பெருக்கி வருவது, பாரமான அம்பில் 12 சதவீதம் அதிகம். தோலையும் விலா எலும்பையும் தாண்டி மறுபக்கம் போக உதவுவது இதுதான். அம்பு அடித்து வீழ்த்துவதில்லை, வெட்டித்தான் கொல்கிறது. இரண்டு பக்கமும் துளை விழுந்தால் இரத்தத் தடம் கிடைக்கும், மிருகமும் நீண்ட நேரம் துடிக்காது.

சரி, வேகம் குறைவதால் என்ன நட்டம்? காற்றுத் தடையை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 30 மீற்றர் என்று குறிவைத்தீர்கள், மிருகம் உண்மையில் 33 மீற்றரில் நிற்கிறது. பாரம் குறைந்த அம்பு 7 சென்ரிமீற்றர் கீழே படும், பாரமானது 8 சென்ரிமீற்றர் கீழே. ஒரு சென்ரிமீற்றருக்காகவா இவ்வளவு சண்டை? 50 மீற்றரில் 5 மீற்றர் பிழைத்தால் கதை வேறு: 19 சென்ரிமீற்றருக்கு எதிராக 23. மெல்பேர்ணுக்குக் கிழக்கே அடர்ந்த மலைக்காட்டில் மரைக்குப் போகிறவனுக்கு 50 மீற்றர் தெளிவாகத் தெரிவதே அபூர்வம். திறந்த புல்வெளியில் தூரத்துக்கு எய்கிறவர் மட்டும் 430, 450 என்று இறங்கட்டும்.

நாண் சத்தம் கேட்டு மிருகம் உடலைத் தாழ்த்திப் பாயும் விடயத்திலும் இதே குழப்பம். சத்தம் செக்கனுக்கு 340 மீற்றர் போகும்; எந்த அம்பும் அதை முந்தாது. 30 மீற்றரில் பாரம் குறைந்த அம்பு சம்பாதிப்பது ஒரு செக்கனில் நூறில் நான்கு பங்கு. பாரமான அம்போ வில்லின் சத்தத்தையே குறைத்துவிடும், ஏனென்றால் வில்லில் அதிரும் சக்தி குறைவு. நான் அமைதியான வில்லின் பக்கம்.

எலும்பு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நிறையைப் பற்றிப் பேசிப் பயனில்லை. லீவுக்குத் திருமலை வருகிறவர்கள் பிரட்றிக் கோட்டைக்குள், கோணேசர் கோவிலுக்குப் போகிற வழியில் கொஞ்ச நேரம் நில்லுங்கள். புள்ளிமான்கள் பக்கத்திலேயே மேயும். பக்கவாட்டில் நிற்கிற ஒன்றைப் பாருங்கள். முன்னங்கால் நேராக இருக்கும்போது தோள் எலும்பு நெஞ்சின் முன்பகுதியை மறைத்திருக்கும். கால் சற்று முன்னே போனதும் முழங்கை மூட்டுக்குப் பின்னால் இடம் திறக்கும். நுரையீரல் அங்கேதான். மான் உங்களை நோக்கிச் சாய்ந்து திரும்பினால் அந்த இடம் தோளுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். அப்போது எய்யவே கூடாது, 500 கிரெயின் இருந்தாலும் சரி. (அவற்றின் பொறுமையைப் பார்த்து விக்டோரியா மிருகத்தை எடைபோட வேண்டாம். நம்முடைய மான்கள் ஓட்டோ ஹோர்னுக்கே அசையாதவை. குப்பையில் பொலித்தீன் தின்னாமல் இருந்தால் போதும்.) மரைக்கும் அமைப்பு இதுதான், ஆனால் ஆண் மரை 200 கிலோவைத் தாண்டும், தோலும் எலும்பும் அதற்கேற்ற தடிப்பு. விக்டோரியாவின் மரைகளுடைய முன்னோரில் 1860களில் இலங்கையிலிருந்து கொண்டுபோனவையும் உண்டு என்பதை அங்கே பலருக்கு நான்தான் சொல்லியிருக்கிறேன்.

650 கிரெயின் என்ற இலக்கமும் உங்கள் காதில் விழும். எட் ஆஷ்பி என்பவர் ஆபிரிக்காவில் பல்லாண்டு அம்பு ஊடுருவலை ஆராய்ந்து, தடித்த எலும்பைத் துளைக்க அந்த அளவு வேண்டும் என்றார். எருமைக்குப் போகிறவர் கேட்கட்டும். மரைக்கு 650 போட்டால் 30 மீற்றருக்கு அப்பால் தூரக் கணிப்பில் சின்னப் பிழையும் பெரிதாகும்.

இனி 500ஐ எப்படிச் சேர்ப்பது? தண்டின் நிறை அங்குலத்துக்கு இத்தனை கிரெயின் என்று போட்டிருக்கும். 9.5 என்றால் 29 அங்குலத்துக்கு 275. முனை 125, முனையைத் திருகுகிற அலுமினிய இன்சேர்ட் 15, மூன்று இறகுக்கு 21, பின்னால் நாணில் மாட்டுகிற நொக் 9. மொத்தம் 445. இன்சேர்ட்டை மட்டும் 75 கிரெயின் பித்தளையாக மாற்றினால் 505. பாரம் முன்னால் ஏறுவதும் நல்லது; அம்பு நேராகப் போகும். சமநிலைப் புள்ளியை விரலில் நிறுத்திப் பாருங்கள். 74 சென்ரிமீற்றர் அம்பு, நொக் பக்கமிருந்து 46இல் நின்றால், நடுவான 37இலிருந்து 9 முன்னே; 9ஐ 74ஆல் வகுத்தால் 12 சதவீதம். 10 முதல் 15 வரை போதும்.

இங்கேதான் பலர் வழுக்குகிறார்கள். முன்னால் பாரம் கூட்டினால், விடுகிற நேரத்தில் தண்டு அதிகமாக வளையும். அதனால் ஸ்பைனையும் சேர்த்து மாற்ற வேண்டும். 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 880 கிராம் தொங்கவிட்டால் எவ்வளவு தாழ்கிறது என்பதே ஸ்பைன்: 340 என்றால் 0.340 அங்குலம். இலக்கம் குறையக் குறைய விறைப்பு கூடும். 60 இறாத்தலுக்கு 340 தண்டு சரியாக இருந்தவர், பித்தளை இன்சேர்ட் போட்டதும் 300ஐப் பரிசோதிக்க வேண்டிவரும். அதன் தண்டு பெரும்பாலும் இன்னும் கொஞ்சம் பாரம், மொத்தக் கணக்கையும் திரும்பப் போடுங்கள். தயாரிப்பாளரின் அட்டவணையைப் பார்த்தே வாங்குங்கள், நண்பனின் அம்பைப் பார்த்து அல்ல.

வந்த பிறகு எல்லாவற்றையும் நிறுங்கள். நகைக்கடைக்காரர் வைத்திருப்பது போன்ற, 0.01 கிராம் காட்டுகிற சின்னத் தராசு போதும். பெட்டியில் எழுதியதும் தராசு சொல்வதும் எப்போதும் ஒன்றாக இராது. முழுதாகச் சேர்த்த அம்புகள் ஒன்றுக்கொன்று 5 கிரெயினுக்குள் இருந்தால் காட்டுக்கு, மற்றவை பயிற்சிக்கு. பிறகு, வில்லில் ஒவ்வொரு தூரத்துக்கும் குறிபார்க்கிற குறிக்கம்பிகளைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். பழைய 30 மீற்றர் கம்பி இப்போது பொய் சொல்லும். பயிற்சி முனையும் வேட்டை முனையும் ஒரே இடத்தில் படுகின்றனவா என்று 30 மீற்றரில் பாருங்கள். வேட்டை முனை ஒரு பக்கம் ஒதுங்கினால் நிறையைத் தொடாதீர்கள். முதலில் அம்பு தங்குகிற இடத்தை மயிரிழை நகர்த்துங்கள், அப்புறம் ஸ்பைனைச் சந்தேகியுங்கள்.