கிளாரினெட் சேர்ந்திசைக் குழுவுக்கு இசைநிரல் அமைப்பது எப்படி

கிளாரினெட்டுகள் மட்டுமே கொண்ட குழுவுக்கு இசை தேர்ந்தெடுக்க முனைபவர், முதலில் தம்மிடம் உள்ள கீழ்ஸ்தாயிக் கருவிகள் எவை என்று பார்க்க வேண்டும். இவ்விசை வளர்ந்த வரலாறும் பெரும்பாலும் அக்கருவிகள் வளர்ந்த வரலாறுதான். இரண்டு கிளாரினெட்டுகளுக்கும் சற்றுத் தாழ்ந்த குரலுடைய அவற்றின் உறவுக்கருவிகளான மூன்று பாசெட் ஹார்ன்களுக்குமாக மொசார்ட் எழுதிய கே. 411 அடாஜியோ இன்றும் அப்படியே வாசிக்கத்தக்கது. ஆனால் அதற்குக் கீழே உறுதியான அடித்தளம் அமைந்தது, திருத்தியமைத்த பேஸ் கிளாரினெட்டுக்கு 1838இல் அடோல்ஃப் சாக்ஸ் காப்புரிமை பெற்ற பிறகுதான்.

19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பிரஸ்ஸல்ஸ் இசைக் கல்லூரியில் குஸ்தாவ் போன்ஸ்லே பெரியதொரு கிளாரினெட் குழுவை அமைத்தார். அங்கே மொசார்ட்டின் ஜி மைனர் சிம்பொனியைக் கிளாரினெட்டுகளிலேயே வாசிக்கக் கேட்ட ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், பெர்லியோஸின் இசைக்கருவி நூலைத் திருத்தி வெளியிட்டபோது அதைக் குறிப்பிட்டார். அத்தேர்வில் நடைமுறை வசதியும் இருந்தது: வழக்கமான பி பிளாட் கிளாரினெட் எழுதியதைவிட ஒரு முழுச்சுரம் கீழே ஒலிப்பதால், ஜி மைனர் அதன் இசைத்தாளில் ஷார்ப்பும் பிளாட்டும் இல்லாத ஏ மைனராகிவிடுகிறது. அதே ஸ்தானத்தில் (ஜி மைனரில்) அமைந்த பாகின் சிறிய ஃபியூக், அதாவது ஒரே கருப்பொருளைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து வாசிக்கும் படைப்பு (பி.டபிள்யூ.வி. 578), புதிய குழுவுக்கு நான் முதலில் பரிந்துரைக்கும் படைப்பு. அதன் கருப்பொருள் மேல்குரலில் தொடங்கிப் படிப்படியாகக் கீழிறங்கி, நான்காவதாகப் பேஸிடம் வந்து சேரும்போது, பெரிய கருவிகளின் வலிமை கேட்பவருக்குத் தானாகவே விளங்கிவிடும்.

நியூயார்க் ஃபில்ஹார்மோனிக்கின் முதன்மைக் கிளாரினெட் கலைஞரான சிமியன் பெலிசன் 1927இல் தொடங்கிய குழு, பின்னர் 75 பேர் வரை வளர்ந்தது. அதற்கென அவரே பல படைப்புகளைத் தழுவி எழுதினார். 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லெப்லாங்க் நிறுவனத்தின் கான்ட்ராபேஸ் கிளாரினெட்டுகள் (பேஸையும்விடத் தாழ்ந்து ஒலிப்பவை) அமெரிக்கப் பள்ளிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் பரவியபோது, லூசியன் கேலியே போன்றோரின் தழுவல்களும் கூடவே பரவின.

உங்களுக்குக் கிடைத்த தழுவலில் இ பிளாட் கான்ட்ரா ஆல்ட்டோ என்னும் தாழ்குரல் கிளாரினெட்டுக்குத் தனி இசைத்தாள் இல்லையெனில், செல்லோ அல்லது டியூபாவின் தாளையே அக்கலைஞரிடம் கொடுக்கலாம். தாளின் தொடக்கத்தில் சுரங்களின் இடத்தைக் காட்டும் குறியான பேஸ் கிளெஃப்பை டிரெபிள் கிளெஃப்பாகக் கருதி, ஸ்தானக்குறியில் (அதையடுத்து வரும் ஷார்ப், பிளாட் தொகுதியில்) மூன்று ஷார்ப்புகளைக் கூட்டி, அல்லது மூன்று பிளாட்டுகளைக் குறைத்து வாசித்தால், ஒலி சரியாக எழுதப்பட்ட சுருதியிலேயே வரும். உதாரணமாக, பேஸ் கிளெஃப்பின் இரண்டாம் இடைவெளியில் உள்ள ‘சி’யை அவர் டிரெபிளின் ‘ஏ’ என்று படிப்பார். கருவியிலிருந்து எழுவதோ அதே ‘சி’. இடையில் வரும் தற்காலிக ஷார்ப், பிளாட் குறிகளை மட்டும் ஒத்திகைக்கு முன்பே பென்சிலால் திருத்திவைக்க வேண்டும். பேஸ் கிளாரினெட்டுக்குச் செல்லோ தாளைத் தருவதானால் இன்னொன்றையும் கவனியுங்கள்: வழக்கமான கருவி, செல்லோவின் கடைசி ‘சி’க்கு அரைச்சுரம் மேலேயே நின்றுவிடும்; கீழ் ‘சி’ வரை நீட்டிய கருவிதான் அதைத் தாண்டி இறங்கும்.

தழுவல்களோடு நின்றுவிட வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வயலின்களுக்காக எழுதப்பட்டது கிளாரினெட்டின் தொண்டைச் சுரங்களில் (குறைவான துளைகளை மூடி எழுப்பும், இயல்பாகவே வலுக்குறைந்த நடுப்பகுதிச் சுரங்களில்) வந்து விழும்போது, எவ்வளவு திறமையாகத் தழுவினாலும் ஒலி மெலிந்துவிடும். இக்கருவியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவற்றில் அந்தச் சிக்கல் குறைவு. நால்வர் மட்டுமே இருந்தால் மூன்று கிளாரினெட்டுகளுக்கும் ஒரு பேஸுக்குமாக ஆல்ஃபிரட் ஊல் எழுதிய டைவர்டிமென்டோவை எடுத்துக்கொள்ளலாம். தேர்ந்த கலைஞர்கள் 11 பேர் கிடைத்தால், ஸ்டீவ் ரைக் 1985இல் எழுதிய நியூயார்க் கவுன்டர்பாயிண்டைத் தயங்காமல் முயலலாம். தனிக்கலைஞர் ஒருவர் பத்து பகுதிகளை முன்பதிவு செய்து வாசிப்பதற்கும் உரியதான அது, பதினொருவர் நேரில் வாசிக்கும்போது தனி உயிர்ப்புப் பெறுகிறது.

ஒத்திகையில் சுருதியைக் கீழிருந்து கட்டுங்கள். பெரிய கருவிகள் சூடேற நேரம் பிடிக்கும் என்பதால், அவை சற்று வாசித்த பின்னரே சுருதி சேர்க்க வேண்டும். கிளாரினெட் உரக்க ஒலிக்கையில் சுருதி இறங்கும், மெல்லொலியில் ஏறும். ஆகவே ஒரே நாண்சுரத்தை (பல சுரங்கள் சேர்ந்தொலிக்கும் ஒலியை) இரு அளவிலும் நீளமாகப் பிடித்துப் பழகச் செய்யுங்கள். எல்லாம் ஒரே குடும்பத்துக் குரல்களாதலால் தொடர்ந்து அனைவரும் வாசித்தால் காது சலித்துவிடும். நிரலின் நடுவே மூவர் அல்லது நால்வர் மட்டும் வாசிக்கும் படைப்பு ஒன்றை வைத்து, அதையடுத்து முழுக் குழுவையும் எழுப்புங்கள்.