மலை ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டில் படித்த டாக்டரை எடுப்பது எப்படி

உள்கிராமத்திலோ மலையிலோ இருபது படுக்கை வைத்து ஆஸ்பத்திரி நடத்துகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. பல காலம் மெடிக்கல் ரெப்பாக பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தவன். இப்போது ஐயனாவரத்தில் ஓர் அறக்கட்டளை அலுவலகத்தில் உட்கார்ந்து, ஜவ்வாது மலைக்கும் கல்வராயன் மலைக்கும் டாக்டர் தேடி அனுப்புகிறேன். எங்களுக்கு வருகிறவர்களில் பெரும்பாலானோர் ரஷ்யா, சீனா, ஜார்ஜியா, கிர்கிஸ்தான், பிலிப்பைன்ஸ் என்று எங்கேயோ போய்ப் படித்துவிட்டுத் திரும்பிய நம்மூர்ப் பிள்ளைகள்தான்.

முதலில் காகிதங்களைப் பாருங்கள். ஆள் எவ்வளவு நல்லவராகத் தெரிந்தாலும் சரி, பேச்சை ஆரம்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். மூன்று தாள் வேண்டும்: எஃப்எம்ஜிஇ (வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய தகுதித் தேர்வு) தேறிய சான்றிதழ், இங்கே சிஆர்ஆர்ஐ (ஆஸ்பத்திரியில் செய்யும் கட்டாய இன்டர்ன்ஷிப்) முடித்த சான்றிதழ், தமிழ்நாடு மெடிக்கல் கவுன்சிலின் நிரந்தரப் பதிவு. எஃப்எம்ஜிஇ வருடத்தில் இரண்டு முறை நடக்கும். 300 கேள்வி, 150 எடுத்தால் தேர்ச்சி. நெகட்டிவ் மார்க் கிடையாது. ஆனாலும் பல தேர்வுகளில், எழுதியவர்களில் நாலில் ஒருவர்கூடத் தேறியதில்லை. தேறி வந்தவரை "வெளிநாட்டில் படித்தவர்தானே" என்று இளக்காரமாகப் பார்க்கும் டிரஸ்டிகள் இந்தக் கணக்கைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

பதிவு எண்ணை கவுன்சில் இணையதளத்தில் நீங்களே போட்டுப் பாருங்கள். ஜெராக்ஸை நம்பாதீர்கள். தற்காலிகப் பதிவு என்பது சிஆர்ஆர்ஐ செய்வதற்கு மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு தனியாக மருந்து எழுதக் கூடாது. வேறு மாநிலத்தில் பதிவு செய்தவர் என்றால், அரும்பாக்கத்தில் இருக்கும் நம் கவுன்சிலுக்குப் பதிவை மாற்றிய பிறகு சேரச் சொல்லுங்கள். 2022-ல் போரால் உக்ரைனிலிருந்து திரும்பி, கடைசிக் காலப் பாடத்தை ஆன்லைனில் முடித்தவர்களுக்கு இங்கே இன்டர்ன்ஷிப் காலம் வேறு மாதிரி வைத்தார்கள். அவர்களுடைய சான்றிதழில் தேதிகளை ஒரு தரம் கூடுதலாகப் பாருங்கள். 2021 நவம்பரில் வந்த புது விதிக்குப் பிறகு போய்ச் சேர்ந்தவர்கள் என்றால் படிப்பு 54 மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், அதே நாட்டில் 12 மாத இன்டர்ன்ஷிப்பும் முடித்திருக்க வேண்டும்.

"டிசம்பர்ல எக்ஸாம் எழுதறேன் சார், அதுவரைக்கும் சும்மா ஒத்தாசையா இருக்கேனே" என்று ஒரு தம்பி கேட்பார். பாவமாகத்தான் இருக்கும். வேண்டாம். பதிவு இல்லாதவர் வைத்தியம் பார்த்தால் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தின் 34-வது பிரிவுப்படி ஒரு வருடம் வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். மலையில் யார் வந்து கேட்கப்போகிறார்கள் என்று நினைக்கிறவர்கள் இந்த வேலைக்கே லாயக்கில்லை.

ஆளை எங்கே தேடுவது? பேப்பர் விளம்பரம் வீண் செலவு. சிஆர்ஆர்ஐ முடிய இரண்டு மாதம் இருக்கும்போதே பேச்சைத் தொடங்குங்கள். முடித்த மறுவாரமே சென்னையில் ஏதாவது ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ட்யூட்டி டாக்டராகச் சேர்ந்துவிடுவார்கள். அப்புறம் கிளப்புவது கஷ்டம். ஒரே யுனிவர்சிட்டியில் படித்தவர்களுக்கென்று வாட்ஸ்அப் குழு இருக்கும். அதில் ஒருவர் உங்களைப் பற்றி நல்லபடியாக இரண்டு வரி போட்டால் போதும்.

அந்த இரண்டு வரியில் என்ன இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். "சேவை மனப்பான்மை உள்ளவர்கள் அணுகவும்" என்று போட்டால் ஒருத்தரும் வர மாட்டார்கள். லட்சக்கணக்கில் கடன் வாங்கிப் படிக்கவைத்த வீட்டுப் பிள்ளையிடம் தியாகம் கேட்பது நியாயமும் இல்லை. சம்பளத்தைக் கூட்டிப் போட்டால் வருவார்கள், அடுத்த இடத்தில் அதற்கு மேல் கிடைத்ததும் போய்விடுவார்கள்.

அமெரிக்காவில் இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறார்கள். ஜே-1 விசாவில் அங்கே பயிற்சி முடித்த வெளிநாட்டு டாக்டர் இரண்டு வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பியாக வேண்டும். டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை செய்தால் அந்த நிபந்தனை தள்ளுபடி. கான்ராட் திட்டம் என்பார்கள். 1994-ல் மாநிலத்துக்கு 20 பேர் என்று ஆரம்பித்து, இப்போது 30. அந்தச் சிற்றூருக்குப் போனால் மட்டுமே கிடைக்கும் ஒன்றை அந்த டாக்டருக்குக் கொடுக்கிறார்கள். சரி, நம்மிடம் விசா இல்லை. வேறு என்ன இருக்கிறது?

கற்றுக்கொடுக்கும் சீனியர் இருக்கிறார். இந்தப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசினால் விஷயம் புரியும். அந்த ஊர் பாஷை நோயாளியிடம் பேசும் அளவுக்கு வராததால் பலருக்கு வார்டு அனுபவம் குறைவு. இங்கே சிஆர்ஆர்ஐயில் ரத்தம் எடுப்பதிலும் ரிப்போர்ட்டுக்கு ஓடுவதிலும் பாதிக் காலம் போயிருக்கும். நகரத்தில் ட்யூட்டி டாக்டர் என்றால் கேஸ் ஷீட் எழுதிவிட்டு கன்சல்டன்ட்டுக்கு போன் செய்வதுதான் வேலை. கை பழகவில்லையே என்ற கவலை அவர்களுக்கே உண்டு. அதனால் உங்கள் சீனியர் டாக்டர் யார், அவர் பக்கத்தில் நின்று என்னென்ன செய்யவைப்பார் என்று எழுதுங்கள். பிரசவம், தையல், விஷக்கடி, குழந்தைகளின் காய்ச்சல். சீனியரே இல்லாத ஆஸ்பத்திரி என்றால், தயவுசெய்து புதுசாக வந்தவரைத் தனியாக அங்கே உட்காரவைக்காதீர்கள். முதலில் ஓய்வுபெற்ற ஒரு அரசு டாக்டரையாவது பிடியுங்கள்.

நேர்காணலில் எங்கள் சீனியர் மேடம் ஒரே ஒரு கேஸைத்தான் விவரமாகக் கேட்பார். "விடியற்காலை அஞ்சு மணி. பதினாலு வயசுப் பெண். வயித்துவலி, ரெண்டு தரம் வாந்தி. கண்ணைத் திறக்க முடியலைங்குது. உடம்புல காயம் எதுவும் இல்லை. என்ன பண்ணுவீங்க?" சிலர் ஸ்கேனுக்குப் போவார்கள். சிலர் ஃபுட் பாய்சன் என்பார்கள். "ராத்திரி எங்கே படுத்திருந்தது? தரையிலா?" என்று திருப்பிக் கேட்கிறவரைத்தான் மேடம் நிமிர்ந்து பார்ப்பார். கட்டுவிரியன் பாம்பு ராத்திரியில், தூங்குகிறவரைத்தான் பெரும்பாலும் கடிக்கும். வலி இருக்காது, தடம்கூடச் சரியாகத் தெரியாது. இமை தொங்குவதுதான் துப்பு. அடுத்து மூச்சு நிற்கும். விஷமுறிவு மருந்தை ஏற்றி, ஆம்புலன்ஸில் மூச்சு கொடுக்கும் ஆம்பு பேக்கைக் கையால் அமுக்கிக்கொண்டே வென்டிலேட்டர் உள்ள இடத்துக்குக் கொண்டுபோக வேண்டும். பனி நாட்டில் ஆறு வருடம் படித்தவருக்கு இது தெரியாமல் போனால் தப்பில்லை. "தெரியலை மேடம், உங்களுக்கு போன் பண்ணுவேன்" என்றாலும் எடுத்துக்கொள்வோம். தெரிந்த மாதிரி பேசுகிறவரை எடுப்பதில்லை.

அப்புறம் அம்மாவிடமிருந்து போன் வரும். பிள்ளை சரி என்று சொன்ன அன்று ராத்திரியே வரும். "அங்கே பாத்ரூம்ல வெந்நீர் வருமாங்க? கரன்ட் போனா என்ன பண்ணுவாங்க? பொண்ணு தனியாவா தங்கணும்?" பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், ஏனென்றால் முடிவு எடுப்பது அந்த வீடுதான். கையெழுத்துக்கு முன்பே அப்பா அம்மாவோடு ஒரு தரம் மலைக்கு அழைத்துப் போங்கள். நாங்கள் போளூர் வழியாக ஜமுனாமரத்தூருக்குக் கூட்டிப்போய், ஒரு ராத்திரி குவார்ட்டர்ஸிலேயே தங்கவைப்போம். கடைசி பஸ் எப்போது, எந்த நெட்வொர்க்கில் சிக்னல் வராது, மழைக்காலத்தில் ரோடு எப்படி இருக்கும் என்று எல்லாவற்றையும் நீங்களே முந்திக்கொண்டு சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டர், ஹீட்டர், கேஸ் இணைப்பு, ஓடுகிற இன்டர்நெட் இவை நாலும் ஆள் வருவதற்கு முன்பே இருக்க வேண்டும். "வந்ததும் போட்டுத் தருகிறோம்" என்பது வேலைக்கு ஆகாது. கணவன் மனைவி இருவரும் டாக்டர் என்றால் இரண்டு பேரையும் எடுங்கள்.

சேர்ந்த முதல் மூன்று மாதம் தனி நைட் ட்யூட்டி போடாதீர்கள். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்ரோபின் எப்போது, எவ்வளவு, எதைப் பார்த்து நிறுத்துவது என்பது பக்கத்தில் நின்று பார்த்தால்தான் வரும். சின்ன உண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலும் அப்படித்தான். காரணம் தெரியாத காய்ச்சல் என்றால் அக்குள், இடுப்பு மடிப்பு என்று உடம்பு முழுக்கத் தேட வேண்டும். சிகரெட் சுட்ட மாதிரி ஒரு கறுப்புப் பொருக்கு கிடைத்தால் டாக்சிசைக்ளின் என்ற மலிவான மாத்திரையிலேயே ஆள் பிழைத்துவிடுவார். கூட ஒரு உள்ளூர் நர்ஸ் அக்காவைப் போடுங்கள். மலைக்காரர்கள் பேசும் தமிழ் சென்னைப் பிள்ளைக்குச் சட்டென்று பிடிபடாது.

எல்லோரும் ஒருநாள் போவார்கள். மேல்படிப்புக்கு நீட் பிஜி எழுதுவார்கள், இல்லையென்றால் தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் எம்ஆர்பி (அரசு மருத்துவப் பணிக்கு ஆள் எடுக்கும் வாரியம்) நடத்தும் தேர்வு எழுதி அரசு வேலைக்குப் போவார்கள். அரசு டாக்டருக்கு மாநில ஒதுக்கீட்டுப் பிஜி சீட்டில் சர்வீஸ் கோட்டா 50 சதவீதம் இருக்கும்போது நாம் என்ன சொல்லித் தடுப்பது? அதனால் இரண்டு வருடம் என்று பேசிக்கொள்ளுங்கள். வாரத்தில் ஒரு முழு நாள் படிக்க விடுங்கள், பரீட்சைக்கு முந்தைய மாதம் ட்யூட்டியைக் குறையுங்கள். ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கிப் பூட்டிவைக்கும் பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அதைச் செய்தால் அந்த வாட்ஸ்அப் குழுவில் உங்கள் பெயர் அன்றைக்கே நாறிவிடும், அடுத்த ஆள் கிடைக்காது.

போகிறவருக்கு ரிலீவிங் லெட்டரைக் கடைசி நாளன்றே கையில் கொடுங்கள். அனுபவச் சான்றிதழில் வெறும் தேதியை மட்டும் போடாமல் எத்தனை பிரசவம், என்னென்ன ப்ரொசீஜர் என்று எழுதி சீனியரிடம் கையெழுத்து வாங்கித் தாருங்கள். புதியவர் சேர்ந்து இரண்டு வாரம் பழையவரும் கூடவே இருக்க வேண்டும். அந்த இரண்டு வாரத்துக்கு இரட்டைச் சம்பளம் ஆகும். வருட பட்ஜெட் போடும்போதே அதைத் தனி வரியாக எழுதிவிடுங்கள், டிரஸ்டிகள் பிறகு கேட்டால் தர மாட்டார்கள்.